ராகிக் கொல்லையில் ஒரு பரண்: நாலு நாள் குறிப்புகள்

முதல் நாள்: கிருஷ்ணகிரி – ராயக்கோட்டை – தேன்கனிக்கோட்டை

போன வருடம் குடும்பத்தோடு தாய்லாந்து போய் வந்தோம். கோ சமூயி என்ற தீவில் யானைகளைப் பார்த்தோம். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், அந்தப் படங்களைச் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் சித்தப்பா போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவரைச் சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஆளுக்கு எவ்வளவு ஆச்சு மாப்பிள்ளை?"

மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது என்றேன்.

"எங்க கொல்லைக்கு வந்திருந்தா சும்மாவே பார்த்திருக்கலாமே. நாங்க வேணாம் வேணாம்னாலும் அதுங்களே வருதுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மகள் சிரிக்கவில்லை. அவள் ஆறாம் வகுப்பு. "அறுபது கிலோமீட்டர்ல யானை இருக்குன்னா நாம ஏன்ப்பா பிளேன்ல போனோம்?" என்று அன்றைக்குக் கேட்டவள், அரையாண்டுப் பரீட்சை முடிகிறவரை விடவில்லை. அதனால்தான் இந்தப் பயணம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும்தான். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, தலைவலித் தைலம் எல்லாம் அவள் கட்டிக் கொடுத்தது.

அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சின்ன மாமாவின் கேலி மட்டும்தான் மனதில் நிற்கும். தாய்லாந்து அரசு 1989இல் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. அதுவரை மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. பலர் சுற்றுலாப் பக்கம் வந்தார்கள். முதுகில் இருக்கை கட்டிச் சவாரி, பந்து உதைக்கும் வித்தை, தும்பிக்கையில் தூரிகை பிடித்துப் படம் வரைவது என்று தொடங்கியது. குட்டியை அதற்குப் பழக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட முடியாத மரக்கூண்டில் அடைத்து, பட்டினி போட்டு, சொன்னபடி கேட்கும்வரை அடிப்பது. சவாரி முகாமுக்கு எதிராக அங்கே இப்போது மீட்பு முகாம்கள் வந்திருக்கின்றன. நாங்கள் போனது அப்படி ஒன்று. ஏறக்கூடாது, சேர்ந்து குளிக்கக்கூடாது, மரப்பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே ஒரு கிழவி யானையின் முதுகெலும்பு மேல் முடியே முளைக்கவில்லை. இருக்கை உரசி உரசி ஆன தழும்பு. மகள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த காசு வீண் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் சாலைவரை வந்து நின்றன, வண்டி நகர அரை மணி ஆயிற்று. அங்கிருந்து கெலமங்கலம் போகிற வழியில்தான் இது யானைப் பருவம் என்று உறைத்தது. சாலை நெடுக ராகிக் கதிரைப் பரப்பிவைத்திருந்தார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்க, கூலி இல்லாமல் போரடிப்பு நடந்துவிடும். கார்க்காரர்கள் திட்டுவார்கள், நானும் ஹெல்மெட் போட்ட நாட்களில் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு மெதுவாக ஏற்றி ஓட்டினேன். ஓரத்தில் நின்ற பாட்டி, நாலு முறை போய் வா என்பதுபோல் கையைக் காட்டினார்.

தேன்கனிக்கோட்டையில் டீ குடித்த இடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஃபேமிலியா சார்? யானை பார்க்கணுமா? ராத்திரி ஜீப் இருக்கு, ஸ்பாட்லைட் இருக்கு. கேரண்டி. மூவாயிரம்." காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், இதில் கண்ணில் விளக்கடித்துத் துரத்துவது வேறு. வேண்டாம் என்றேன். "பாப்பாவுக்காகச் சொன்னேன்" என்று எழுந்து போனார். அந்த ஆள் ஒருவரை நினைத்தே சின்ன மாமா ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்து ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இரவு களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். டிசம்பர் அவரைக்கு இருக்கிற வாசனை வேறு எந்த மாதத்து அவரைக்கும் கிடையாது. மகள் களியை மென்றுகொண்டே இருந்தாள். "மெல்லக்கூடாது கண்ணு, வழுக்கிட்டு உள்ள போகணும்" என்று சின்ன அத்தை உருட்டிக் காட்டினார். மூன்றாவது உருண்டையில் பிடிபட்டது.

இரண்டாம் நாள்: கொல்லையும் பரணும்

இதை எழுதுவது மறுநாள் விடிந்தபின். ராத்திரி போனில் சிக்னலும் இல்லை, கையில் தெம்பும் இல்லை.

பகலில் சின்ன மாமா கொல்லையைச் சுற்றிக் காட்டினார். இரண்டரை ஏக்கர். பாதி ராகியை அறுத்துக் கட்டிவிட்டார்கள், மீதி நிற்கிறது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை, ஓசூர்க் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவே அகழி. இரண்டு இடத்தில் மழையில் கரை சரிந்திருந்தது. சரிந்த இடத்தில் மண் வழவழவென்று இருந்தது. யானை பின்னங்காலை மடித்து, குழந்தைகள் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்குமாம்.

அகழிக்கு இப்பால் சோலார் வேலி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து விட்டு விட்டு ஒரு துடிப்பு வரும், தொட்டால் சுரீர் என்று உதறும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் யானையிடம் பதில் இருக்கிறது. தந்தத்தில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அதனால் கொம்பன் தந்தத்தால் கம்பியைத் தூக்கி அறுத்துவிடும். கொம்பில்லாத மக்னா ஒரு மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்த்துவிட்டு நிதானமாக நடந்து வரும். "பாலிடெக்னிக் படிச்ச பையன் ஒருத்தன் வந்து வேலி போட்டான். அது எந்த காலேஜ்ல படிச்சுதோ!" என்றார் சின்ன மாமா.

அக்டோபர், நவம்பர் வாக்கில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கும். சில இங்கேயே தங்கும், சில ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிற சானமாவு காடுவரை போகும். ராகி முடிந்ததும் திரும்பும். மாநில எல்லை என்பது நமக்குத்தான். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். ராத்திரி காவலில் யார் வாயில் எது வருகிறதோ அதில் கத்துவார்கள். ஏனுகு, ஆனெ, யானை. மூன்றும் அதற்குப் புரியும் என்பது சின்ன மாமாவின் கட்சி. எதற்கும் அசையாது என்பது சின்ன அத்தையின் கட்சி.

காட்டில் தீனி இல்லாததால்தான் ஊருக்குள் வருகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான் உண்மை. 1980களில் சத்தியமங்கலம், கர்நாடகப் பகுதிகளில் ஆராய்ச்சி செய்த ஆர். சுகுமார், ராகியிலும் நெல்லிலும் காட்டுப்புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் உப்பும் அதிகம் என்பதையும், கொல்லைக்குள் அதிகம் இறங்குவது ஆண் யானைகள்தான் என்பதையும் கணக்கெடுத்துக் காட்டினார். குட்டி வைத்திருக்கிற பிடிகள் பட்டாசுக்கும் ஆளுக்கும் பயந்து ஒதுங்கும். ஆண் துணிந்து வரும். உடம்பு பெருத்தால்தான் மற்ற ஆணோடு மோத முடியும், பெண் கிடைக்கும். முழங்கால் வலிக்கு ராகி சாப்பிடுங்கள் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். அவற்றுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பரண் தைலமரக் கம்புகள் நாலின்மேல், பத்துப் பன்னிரண்டடி உயரத்தில். தென்னங்கீற்று, அதன்மேல் நீலத் தார்பாய், உட்கார வைக்கோலும் சாக்கும். கீழே ஒரு கட்டையைப் புகையவிட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஏறினோம். மகள் குல்லாவுக்குமேல் என் துண்டையும் சுற்றிக்கொண்டாள். சுற்றிலும் ஏழெட்டுப் பரண்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டார்ச். கிழக்குப் பரண் இரண்டு முறை மினுக்கினால் அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று பொருள், அதை நாம் அடுத்த பரணுக்கு மினுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது, வனத்துறையின் எச்சரிக்கை அதில்தான் வரும். ஆனால் டார்ச்சுக்குச் சிக்னல் தேவையில்லை.

பதினொன்றரைக்குமேல் கிழக்கில் இரண்டு மினுக்கு. சின்ன மாமா மேற்கே மினுக்கினார். அதுவரை நரிக்கும் காற்றுக்கும் குரைத்துக்கொண்டிருந்த நாய் மணி, குரலை விழுங்கிக்கொண்டு ஏணிக்குக் கீழே வந்து படுத்துவிட்டது. "நாய் சத்தம் நின்னா பெருசு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்று மகள் காதில் சொன்னார். யானை என்ற வார்த்தையை ராத்திரியில் அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

முதலில் வந்தது வாசனை. நனைந்த வைக்கோலும் மாட்டுத்தொழுவமும் கலந்த மாதிரி ஒரு கனத்த வாசனை. அப்புறம் சத்தம். சரக் என்று ஒரு கொத்து ராகி பிடுங்கப்படும். உடனே தப், தப் என்று இரண்டு அடி. கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் சரக், தப், தப். என்னவென்று புரியவில்லை. வேரோடு வருகிற மண்ணை முன்னங்காலில் தட்டி உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கிறது. கீரைக்கட்டைத் தண்ணீர்க்குழாயில் தட்டுகிற என் அம்மாவின் நினைவு வந்தது. நிலா இருந்தது, ஆனாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் ஒரு துண்டு மட்டும் நகர்ந்தது. அதன் முன்னால் வெள்ளையாய் ஒரு கோடு. பிறகு இன்னொரு துண்டு, அதன் பின்னால் மூன்றாவது. மூன்றும் ஆண்கள். வயிற்றிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. காதால் கேட்டதா, பரண் கம்பு வழியாக உடம்பில் இறங்கியதா, இன்னும் எனக்குத் தெளிவில்லை. மகள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஐம்பதடி தூரம் இருக்கலாம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் சின்ன மாமா எழுந்து நின்று தகர டின்னைத் தட்டினார், டார்ச்சைத் தரையில் அடித்தார். கண்ணில் அடிக்கவில்லை. "போதும் சாமி, போ. போ சாமி. கொஞ்சம் எங்களுக்கும் விடு. போப்பா." கடன் கேட்டு வந்த பெரியவரை வாசலிலிருந்து அனுப்புகிற குரல் அது, கோபம் பாதி, மரியாதை பாதி. மூன்றில் பெரியது காதை விரித்து எங்கள் பக்கம் ஒரு முழு நிமிடம் நின்றது. பின்பு திரும்பி, வந்த அதே நடையில், ஓடாமல், பக்கத்துக் கொல்லைக்குப் போயிற்று. அங்கே பட்டாசு வெடித்தது. அதற்கடுத்த கொல்லையில் கத்தல். அப்படியே மேற்கே போய் ஓய்ந்தது.

மூன்றாம் நாள்: அஞ்செட்டி – ஒகேனக்கல்

விடிந்ததும் மகளுக்கு முன்னால் சின்ன மாமா கொல்லைக்குப் போய்விட்டார். நாங்கள் போனபோது குந்தி உட்கார்ந்து, மிதிபட்ட கதிரைக் கையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ஈரமண்ணில் கால்தடங்கள் தட்டுத் தட்டாகப் பதிந்திருந்தன. முன்னங்கால் வட்டம், பின்னங்கால் கொஞ்சம் நீள்வட்டம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள்வரை உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்று வனத்துறை வாச்சர் ஒருவர் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மகள் சாக்குத் தைக்கிற சணலை வாங்கி, தடத்தின் விளிம்பில் மண் உதிராமல் சுற்றிவைத்து, முடிச்சுப் போட்டாள். அத்தையின் தையல் டேப்பில் அளந்தால் நாலரை அடி. அப்படியானால் ஒன்பது அடி. "நம்ம பரண்ல உட்கார்ந்திருந்த என் காலைத் தும்பிக்கை தொட்டிருக்கும்" என்றாள். தொட்டிருக்கும்தான். பக்கத்தில் கிடந்த லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தோம். ராகி முழுசு முழுசாகக் கிடந்தது. தின்பதில் பாதிக்குமேல் செரிக்காமலே வெளியே போய்விடுகிறது. நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்குமேல் தின்றாக வேண்டியிருப்பதும் அதனால்தான்.

"எவ்வளவு மாமா போச்சு?"

"ரெண்டு மூட்டை இருக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசனை வந்தவுடனே தகரத்தைத் தட்டியிருந்தால் அவை வேலியோரத்திலேயே திரும்பியிருக்கும். பிள்ளை பார்க்கட்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்த அந்தச் 'சும்மா'வின் விலை அது. வனத்துறையிடம் எழுதிக் கொடுத்தால் இழப்பீடு கிடைக்கும். அதற்கு விஏஓவிடம் பயிர்க் கணக்கான அடங்கல் வாங்க வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். இரண்டு மூட்டைக்கு யார் அலைவது என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நான் காசை எடுத்து நீட்டினேன். முகம் மாறிவிட்டது. "என்ன மாப்பிள்ளை இது, டிக்கெட்டா?" என்றவர் அப்புறம் பத்து நிமிடம் என்னிடம் பேசவில்லை. கிளம்பும்போது சாமி படத்துக்குக் கீழே, தாம்பாளத்துக்கு அடியில் எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அத்தை ஒரு பை நிறைய ராகி மாவும் அவரைக்காயும் காரில் ஏற்றினார்.

அஞ்செட்டி மலைப்பாதை நல்ல பாதை. வளைவுக்கு வளைவு மூங்கில், பாறைமேல் குரங்கு. இந்தக் காடு முழுக்க இப்போது சரணாலயம். காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டியும் உரிகமும் ஜவளகிரியும் இதில் வருகின்றன. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். ஆக, யானை நடக்க இரண்டு மாநிலத்திலும் விட்டுப்போகாத காடு காகிதத்தில் வந்துவிட்டது. தாய்லாந்தில் நாங்கள் பார்த்த முகாமின் தோட்டம் நல்ல தோட்டம்தான். ஆனால் ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியும்.

நாட்றாம்பாளையம் தாண்டி, ஒகேனக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில், சாலையில் ஏழெட்டு பைக்குகள் குறுக்கே நின்றன. இடது புதரில் ஒரு கூட்டம் சாலையைக் கடக்கக் காத்திருந்தது. நாலு பிடிகள், கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. பைக் பையன்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் பன் பாக்கெட்டைப் பிரிக்காமலே வீசினான், இன்னொருவன் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தான். முன்னால் நின்ற பெரிய பிடி தலையை ஆட்டி, ஒரு காலால் மண்ணைக் கீறியது. நான் ஐம்பது மீட்டர் பின்னாலேயே இன்ஜினை நிறுத்திவிட்டேன். கத்திச் சொல்லவும் பயம், சும்மா இருக்கவும் முடியவில்லை. நல்லவேளை எதிர்ப்பக்கமிருந்து வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இறங்கி, நான் இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தை சொன்னார். பைக்குகள் ஒதுங்கின.

அடுத்த ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கிழவி முதலில் சாலைக்கு வந்து, நடுவில் குறுக்காக நின்றாள். மற்றவை அவளுக்குப் பின்னால் கடந்தன. குட்டி அம்மாவின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து, தாரைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்து, நின்றுவிட்டது. பின்னால் வந்த இன்னொரு பிடி, காலால் அதைத் தள்ளியது. "வயித்துக்குக் கீழ நுழைய முடியுதுன்னா ஒரு வயசுகூட ஆகலைப்பா" என்று மகள் கிசுகிசுத்தாள். தீவில் கற்றுக்கொண்டது. கடைசியாகக் கிழவி போனாள். பன் பாக்கெட் சாலையிலேயே கிடந்தது. ஓட்டுநர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் போனதுதான். பரிசலில் சுற்றினோம், பாறையிலிருந்து புகை கிளம்பியது, வறுத்த மீன் காரம். சின்னாறு காவிரியில் கலக்கிற பக்கம் மணலில் தடம் தெரிகிறதா என்று மகள் தேடிக்கொண்டே வந்தாள். பரிசல்காரர், "ராத்திரி வரும், இங்கதான் தண்ணி குடிக்கும். எங்களுக்குப் பகல், அதுங்களுக்கு ராத்திரி. ஷிப்ட் மாத்திக்குவோம்" என்றார்.

நாலாம் நாள்: பென்னாகரம் – பாலக்கோடு – வீடு

காலையில் மலையேறிப் பென்னாகரம் வந்து இட்லி சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரரிடம் மகள் யானைக்கதையை ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கிணற்றுக் கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான், மறந்திருந்தேன். 2023 மார்ச்சில் இந்தப் பக்கத்து விவசாயக் கிணறு ஒன்றில் யானைக்குட்டி விழுந்துவிட்டது. ஊர்க்காரர்களும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து மேலே எடுத்தார்கள். கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்து முடியாமல், முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யானைக்குட்டிகளை வளர்த்த தம்பதி பொம்மனும் பெள்ளியும் வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டது. "எங்க மாட்டுப்பால்கூடக் கொடுத்துப் பார்த்தோம். சேரலை" என்றார் அவர். மகள் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

அதே மார்ச் மாதம், அதற்குச் சில நாள் முன்பு, மாரண்டஹள்ளிப் பக்கம் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அது பேட்டரித் துடிப்பு இல்லை, கம்பத்திலிருந்து நேரே இழுத்த மின்சாரம். தொட்டால் விடாது. செய்தி வந்த அன்று அந்த விவசாயியை நானும் வாய்க்கு வந்தபடி பேசினேன். சட்டப்படி அது குற்றம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நேற்றுக் காலை குந்தி உட்கார்ந்து கதிரை நிமிர்த்திக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்தபின், அன்று பேசிய அதே சூட்டில் பேச வாய் வரவில்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானைகள் என்று வந்தது. முந்தைய வருடத்தைவிட நூறு கூடுதல். கேட்க மகிழ்ச்சிதான். அந்த நூறும் யாருடைய கொல்லையில் சாப்பிடுகிறது என்று கேட்கத் தோன்றுவது இந்தப் பயணத்தால்.

பாப்பாரப்பட்டி வழியாக வந்தோம். சுப்பிரமணிய சிவா கடைசி நாட்களைக் கழித்து 1925இல் கண்மூடிய ஊர். நினைவிடத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, பாலக்கோடு நோக்கித் திரும்பினோம். கார் போகப் போக மகள் தமிழ்ப் பாடத்தில் படித்த அதியமானைப் பற்றிக் கேட்டாள், இது தகடூர் நாடுதானே என்று. ஆமாம் என்றேன். ஔவை அவனை ஒரு யானையாகச் சொல்லியிருக்கிறாள். நீர்த்துறையில் படுத்திருக்கிற பெரிய களிறு, ஊர்ப் பொடியன்கள் அதன் வெள்ளைத் தந்தத்தைத் தேய்த்துக் கழுவ, பேசாமல் காட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்கு நீ அப்படி. பகைவருக்கோ, மதம் பிடித்த அதே யானை.

"அப்போ குளிப்பாட்டலாமா?" என்றாள் மகள். தீவில் கூடாது என்றார்களே என்பது அவளுடைய வழக்கு. எனக்குப் பதில் வரவில்லை. அது அரண்மனை யானையாக இருக்கும், பழக்கியது என்றேன். "பழக்கினதுன்னா, கூண்டுல போட்டா?" என்றாள். கிருஷ்ணகிரி வருகிறவரை ரேடியோ போட்டுவிட்டேன்.

வீட்டில் நுழைந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. சணலை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு நுனியைத் தரையில் என் காலால் மிதிக்கச் சொன்னாள். ஒருமுறை அளந்தால் சுவிட்ச் போர்டுக்குக் கொஞ்சம் மேலே. அங்கே பென்சில் கோடு. அந்தக் கோட்டிலிருந்து இன்னொருமுறை. ஏணி போட்டு ஏறி, நிலைக்கு மேலே, பாத்திரங்கள் அடுக்கியிருக்கிற வீட்டுப் பரணுக்கும் மேலே, ஃபேனுக்குக் கொஞ்சம் கீழே போய் முடிந்தது. அங்கேயும் கோடு போட்டாள். போன பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்.

மனைவி அதைப் பார்க்கவில்லை. அடுக்களையில் மாவைச் சலித்துக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள். "ஏங்க, சித்தி கொடுத்த மாவுக்குள்ள எதுக்குங்க காசு? ஐந்நூறு ரூபாய் நோட்டா எட்டு இருக்கு."